இருப்பதை எடுப்பதா, நாமே எழுதுவதா?

கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவியர் நடுவே ஆண்டுதோறும் தவறாமல் எழும் வழக்கு ஒன்று உண்டு. ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஒரு பெயரில் எத்தனை எழுத்துக்கள் என்று எண்ண வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்துக்களைப் பெரிய எழுத்துக்களாக மாற்ற வேண்டும். இவற்றுக்கெல்லாம் மொழியிலேயே ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கும் செயற்கூறுகளை எடுத்தாள்வதா, அல்லது நாமே சொந்தமாக எழுதிக் கொள்வதா என்பதே அவ்வழக்கு.

"இருப்பதை எடுத்தால் ஒரே வரியில் முடிந்துவிடுமே! வீண் வேலை எதற்கு?" என்பர் ஒரு சாரார். "பிறர் எழுதியதை எடுத்தாள்வதில் என்ன பெருமை? எல்லாவற்றையும் தானே எழுதுபவளுக்குத்தான் நிரல் தெரியும்" என்பர் மறு சாரார். இவ்விரண்டில் எது சரி? இதனைத் தேர்வுக்குரிய கேள்வியாக மட்டும் எண்ணிவிடலாகாது. நம் பெயரும் நம் தந்தையர் பெயரும் ஏடுகளில் பிழையின்றிப் பதிவாவதும் இதைச் சார்ந்தே இருக்கிறது. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

சரம் என்பது யாது?

கணிப்பொறிப் பாடம் பயிலாத பெற்றோருக்காக ஒரு சிறு விளக்கம். பூக்களைத் தொடுத்தால் பூச்சரம். மணிகளைக் கோத்தால் செபமாலை. அதுபோல எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்தால், அதனை நிரலாக்கத்தில் ‘சரம்’ என்கிறோம். ஒரு பெயர் ஒரு சரம். ஒரு முகவரி ஒரு சரம். வருகைப் பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு சரமே.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் தரப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தின் முதல் எழுத்துக்குப் பெரிய வடிவில் 65, சிறிய வடிவில் 97. சரத்தை எண்ணவும், வெட்டவும், ஒட்டவும், தேடவும், மாற்றவும் உதவும் சிறு கட்டளைத் தொகுப்புகளே செயற்கூறுகள். மொழியோடு கூடவே வருபவை உள்ளிணைந்த செயற்கூறுகள். நாம் எழுதிக் கொள்பவை பயனர் வரையறுத்த செயற்கூறுகள். கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடிக்கும், மிளகாயும் மல்லியும் வறுத்து வீட்டில் அரைத்துக் கொள்ளும் பொடிக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

ஆயத்தமாய் இருப்பதன் அருமை

எழுதி வைத்ததை மீண்டும் எடுத்தாளும் வழக்கம் எப்படித் தோன்றியது என்பது சுவையான வரலாறு. 1944-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘மார்க்-1’ என்னும் பெரிய கணிப்பொறியில் கிரேஸ் ஹாப்பர் என்னும் பெண்மணி பணியாற்றினார். அவரும் உடன் பணியாற்றியோரும், சரியாக ஓடிய கட்டளைத் துண்டுகளை நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்துக் கொண்டார்கள். ஒருவருக்குத் தேவையான துண்டு மற்றொருவரிடம் இருந்தால் அதைப் பார்த்துப் படியெடுத்துக் கொள்வார்கள். ஆனால் படியெடுக்கும்போதெல்லாம் பிழைகள் புகுந்தன! மனிதர் செய்யும் இந்தப் படியெடுப்பைக் கணிப்பொறியிடமே ஒப்படைத்தால் என்ன என்ற எண்ணம் ஹாப்பருக்கு எழுந்தது. அதன் விளைவாக 1952-இல் ‘ஏ-0’ என்னும் அமைப்பு உருவாயிற்று. சேமித்து வைத்த கட்டளைத் துண்டுகளை அது தானே எடுத்துக் கோத்துக் கொண்டது. இன்று நாம் ஒரே சொல்லில் அழைக்கும் உள்ளிணைந்த செயற்கூறுகளுக்கு அத்தகைய முயற்சிகளே முன்னோடி.

ஆகவே ஆயத்தச் செயற்கூறு என்பது சோம்பேறிக்காக ஏற்பட்டதன்று. பிழையைக் குறைப்பதற்காக ஏற்பட்டது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது மிக எளிது என்று தோன்றும். 97-க்கும் 65-க்கும் வேறுபாடு 32. ஆகவே ஒவ்வொரு குறியெண்ணிலிருந்தும் 32-ஐக் கழித்தால் போதும் என்று ஒரு மாணவி முடிவு செய்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். ‘மேரி’ என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுத்தால் சரியான விடை வரும். அவள் மகிழ்வாள். அடுத்து ‘மேரி ரோஸ்’ என்று கொடுத்தால்? இரு சொற்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்துக்கும் ஒரு குறியெண் உண்டு, அது 32. அதிலிருந்து 32-ஐக் கழித்தால் பூச்சியம். சி மொழியிலோ பூச்சியம் என்பது சரம் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம்! ஆகவே ‘மேரி’ மட்டும் அச்சாகும். ‘ரோஸ்’ காணாமற் போகும். வீட்டு எண்ணில் வரும் 5 என்னும் இலக்கத்தின் குறியெண் 53. அது 21 ஆகி, அச்சிட முடியாத குறியாய் மாறும்.

சிறிய எழுத்துத்தானா என்று சோதித்துவிட்டுக் கழித்தால் இக்குறை தீரும். ஆயினும் முற்றிலும் தீர்ந்துவிடாது. சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் லிசியே நகர்ப் புனித தெரேசம்மாளின் பெயரைப் பிரெஞ்சு மொழியில் எழுதும்போது இரண்டு எழுத்துக்களின் தலைமேல் சாய்ந்த கோடுகள் வரும். அவை ஆங்கில இருபத்தாறு எழுத்துக்களுள் சேராதவை. ஆகவே நம் மாணவியின் செயற்கூறு அவற்றைத் தொடாமல் விட்டுவிடும். பெயரின் நடுவே இரு சிறிய எழுத்துக்கள் அப்படியே நிற்கும். பைத்தான் மொழியின் ‘அப்பர்’ என்னும் செயற்கூறோ அவற்றைச் சரியாக மாற்றும். ஜெர்மன் மொழியில் ஒரு தனிச் சிறிய எழுத்து இரண்டு ‘எஸ்’ எழுத்துக்களாக விரிய வேண்டும் என்பதைக் கூட அது அறியும். பல நாட்டு அறிஞர்கள் பல்லாண்டு கண்டு திருத்திய பிழைகளின் பயன் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு ஒரு பிற்பகலில் நாம் எழுதிய பத்து வரியை நம்புவது அறிவுடைமை ஆகாது.

ஆயினும் கண்மூடி நம்பலாமா?

மொழியோடு வருகிறது என்பதனாலேயே ஒன்று குற்றமற்றதாகிவிடாது. சி மொழியில் ‘கெட்ஸ்’ என்று ஓர் உள்ளிணைந்த செயற்கூறு இருந்தது. விசைப்பலகையில் தட்டும் ஒரு வரியை வாங்கிச் சரமாக வைப்பது அதன் வேலை. ஆனால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு படிப் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? வழிந்து பக்கத்தில் உள்ளதையெல்லாம் நனைக்குமல்லவா? அவ்வாறே கூடுதலான எழுத்துக்கள் நினைவகத்தில் வழிந்து அருகிலுள்ளவற்றை அழிக்கும்.

1988 நவம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவில் இணையம் வழியே ஒரு தீய நிரல் பரவி, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை முடக்கிற்று. வரலாற்றில் அதனை ‘மாரிஸ் புழு’ என்பர். அது உட்புகுந்த வழிகளுள் ஒன்று இந்த ‘கெட்ஸ்’தான். 512 எழுத்துக்களுக்கு மட்டுமே இடம் இருந்த ஒரு பகுதிக்கு அந்நிரல் 536 எழுத்துக்களை அனுப்பியது! அனுப்பிய எழுத்துக்களுள் மறைந்திருந்த கட்டளைகள் கணிப்பொறியைக் கைப்பற்றின. இறுதியில் 2011-இல் வெளிவந்த சி மொழியின் தர விதிகளிலிருந்து ‘கெட்ஸ்’ அடியோடு நீக்கப்பட்டது. பழைய பாடக் குறிப்புகளில் அதைக் காணும் மாணவியர் அதனைப் பின்பற்றாதிருப்பார்களாக.

முகமறியாத ஒருவர் எழுதியதை இரவல் வாங்குவது என்ற மூன்றாவது வழியும் உண்டு. அதிலும் எச்சரிக்கை தேவை. ஒரு சரத்தின் இடப்புறத்தில் பூச்சியமோ வெற்றிடமோ சேர்த்து அதனை வேண்டிய நீளத்துக்குக் கொண்டு வருவது ஓர் எளிய வேலை. வரிசை எண் 7-ஐ 007 என்று எழுதுகிறோமே, அதுதான். ஜாவாஸ்கிரிப்டு மொழியில் அதற்கு உள்ளிணைந்த செயற்கூறு அப்போது இல்லை. ‘லெஃப்ட்-பேட்’ என்னும் பெயரில் ஒருவர் 11 வரிகளில் எழுதிப் பொதுவில் வைத்திருந்ததை உலகெங்கும் எடுத்தாண்டனர். 2016 மார்ச்சு 22-ஆம் நாள் ஒரு மனத்தாங்கலின் காரணமாக அவர் அதை விலக்கிக் கொண்டார். உடனே அதைச் சார்ந்திருந்த பல பெரிய நிறுவனங்களின் நிரல்களும் உருவாக்க முடியாமல் நின்றுபோயின. எந்த மாணவியும் கால் மணி நேரத்தில் எழுதக்கூடிய 11 வரி! அதன்பின் 2017-இல் ‘பேட்ஸ்டார்ட்’ என்னும் செயற்கூறு அம்மொழியிலேயே சேர்க்கப்பட்டது. சிறு வேலைக்குக் கூட அயலாரை நம்பி நிற்பதன் ஆபத்தை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

தமிழுக்கு வரும்போது

இனி நமக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன். ‘கவிதா’ என்ற பெயரில் எத்தனை எழுத்துக்கள்? ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் மூன்று என்று சொல்லும். பைத்தானின் ‘லென்’ என்னும் செயற்கூறைக் கேட்டால் ஐந்து என்கிறது! சி மொழியின் ‘ஸ்டிரிலென்’ என்னும் செயற்கூறைக் கேட்டால், இன்று வழக்கிலுள்ள யூடிஎஃப்-8 முறையில், பதினைந்து என்கிறது.

செயற்கூறு தவறு செய்யவில்லை. யூனிகோடு என்னும் உலகக் குறியீட்டு முறையில் தமிழ் 1991 முதலே இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் இல்லை. ‘வி’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கோ ‘வ’ என்பதற்கு 2997, அதன்மேல் வரும் இகரக் குறிக்கு 3007 என இரண்டு. ‘லென்’ குறியெண்களை எண்ணுகிறது. ‘ஸ்டிரிலென்’ அவற்றைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது. எழுத்தை எண்ணுவது நம் கடமையாகிவிடுகிறது.

‘விகடகவி’ என்ற சொல்லை அறியாதவர் யார்? முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. இருவழியும் ஒக்கும் சொல்லைக் கண்டறியும் நிரலுக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் உள்ளிணைந்த வழியில் அதைத் திருப்பிப் பாருங்கள்! ஐந்து எழுத்துக்குப் பதில் ஏழு குறியெண்கள் தலைகீழாகின்றன. முதலில் ஓர் இகரக் குறி தனியே தொங்கும். அடுத்து வ, க, ட. அதன்பின் இகரக் குறி தவறான இடத்தில் ஒட்டிக் ‘கி’ ஆகும். ‘இச்சொல் இருவழி ஒக்காது’ என்று கணிப்பொறி விடை சொல்லும். விகடகவியே தோற்றுப் போகிறான்!

இது விளையாட்டு. ஆனால் பெயர் விளையாட்டன்று. தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணை பிறப்பித்தது. தந்தையின் பெயர் சூசை என்றால் மகளின் முன்னெழுத்து ‘சூ’. மிக்கேல் என்றால் ‘மி’. ஜோசப் என்றால் ‘ஜோ’. ஆனால் ‘சரத்தின் முதல் இடத்தில் இருப்பதை எடு’ என்று மட்டும் சொன்னால் கணிப்பொறி முறையே ச, ம, ஜ என்று எடுத்துத் தரும். ஓர் எழுத்துத்தானே என்று சிலர் எண்ணலாம். சான்றிதழில் ஒருவகையாகவும் பதிவேட்டில் மற்றொருவகையாகவும் முன்னெழுத்து இருந்தால், அதைத் திருத்த அலுவலகம் அலுவலகமாக நடக்கும் பெற்றோரைக் கேட்டால் அந்த ஓர் எழுத்தின் பாரம் தெரியும்.

அகரவரிசையிலும் இதே தொல்லைதான். நம் வரிசையில் ‘ன’ கடைசி மெய். ‘ள’ அதற்கு முன்னது. யூனிகோட்டிலோ ‘ன’ என்பதற்கு 2985, ‘ள’ என்பதற்கு 2995. ஆகவே உள்ளிணைந்த முறையில் வரிசைப்படுத்தினால் வளர்மதிக்கு முன்னால் வனிதா வந்து நிற்பாள். ஆசிரியைக்கும் அகராதிக்கும் தெரிந்த வரிசை அதுவன்று.

இத்தகைய இடங்களில் நமக்கென்று ஒரு செயற்கூறு எழுதுவது வீண் வேலையன்று, கடமை. எழுத்தை எண்ணும் முறையும் கடினமானதன்று. சரத்தை முதலிலிருந்து பார்த்துக் கொண்டே வர வேண்டும். வருவது உயிர்க்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் அதனை முந்தைய எழுத்தோடு சேர்க்க வேண்டும். இல்லையேல் புதிய எழுத்தாகத் தொடங்க வேண்டும். ஏறக்குறையப் பத்தே வரி! ஆனால் எழுதுபவள் முடிவு செய்ய வேண்டியவையும் சில உண்டு. ‘லக்ஷ்மி’ என்பதில் எழுத்துக்கள் மூன்றா, நான்கா? ‘க்ஷ’ என்பதை ஒன்றாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா? எம்முடிவாயினும் அதனை நிரலிலேயே குறிப்பாக எழுதி வைக்க வேண்டும்.

எழுதத் தொடங்குமுன் தேடிப் பார்ப்பதும் முறையாகும். ‘பொன்னி’ என்னும் பெயரின் முதல் எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் பதிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். கணிப்பொறிக்கு அவை வெவ்வேறு. ஆகவே பள்ளியில் படிக்கும் பொன்னியைத் தேடினால் ‘அப்படி ஒரு மாணவி இல்லை’ என்று விடை வரக்கூடும்! இதற்கு நாம் எதுவும் புதிதாக எழுத வேண்டியதில்லை. இருவகையையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பைத்தானோடு கூடவே வருகிறது. அதைப் போலவே தமிழ் எழுத்துக்களைப் பிரித்துத் தரும் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற தொகுப்பையும் தமிழன்பர்கள் கட்டணமின்றி வழங்கியிருக்கிறார்கள். நாமே எழுதியதை அத்தொகுப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கொள்ளலாமே!

ஒருமுறையேனும் எழுதிப் பார்

அப்படியானால், ‘உள்ளிணைந்த செயற்கூறைப் பயன்படுத்தாமல் எழுதுக’ என்று ஆசிரியை பயிற்சி கொடுப்பது ஏன்? பயனற்ற தண்டனை என்று சில மாணவியர் முணுமுணுக்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. வீட்டில் ஒருமுறையேனும் மசாலா அரைத்தவளுக்குத்தான் கடைப் பொடியில் எது கூடுதல், எது குறைவு என்று நாவில் வைத்தவுடனே தெரியும். தன் கையால் ஒரு சரத்தை எண்ணியும் திருப்பியும் பழகியவளே, ‘லென்’ ஐந்து என்று சொல்லும்போது ‘எதை எண்ணி ஐந்து என்கிறாய்?’ என்று கேட்பாள். மற்றவள் ஐந்து என்றே எழுதிவிட்டுப் போவாள்.

இன்று கேட்டவுடன் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. ஆகவே கேள்வி கேட்கத் தெரிவது முன்னைவிடவும் இன்றியமையாததாகிவிட்டது. விடை எளிதாகக் கிடைக்கும் காலத்தில், விடையைச் சோதிக்கத் தெரிந்தவளே கற்றவள்.

அமெரிக்காவில் கணிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு துறவி என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்றார். பின்னர் அயோவா மாநிலத்தின் டுபியூக் நகரில், பெண்களுக்கான கத்தோலிக்கக் கல்லூரியாகிய கிளார்க் கல்லூரியில், கணிப்பொறித் துறையைத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார். மடத்துப் பெண்களுக்கும் மாணவியருக்கும் இத்துறை அயலானதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

என் முடிவு

தொகுத்துச் சொல்கிறேன். பொதுவான வேலைக்கு உள்ளிணைந்த செயற்கூறையே முதலில் நாடுக. பலர் உழைப்பைப் பணிவோடு ஏற்பதும் ஒரு நற்குணமே. ஆனால் அது எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்று தெரிந்து கொண்டு நாடுக. கற்கும் காலத்தில் ஒவ்வொன்றையும் ஒருமுறையேனும் சொந்தமாக எழுதிப் பார்க்க. உன் மொழிக்கோ உன் மக்களின் பெயருக்கோ ஆயத்தச் செயற்கூறு பொருந்தாதபோது, தயங்காமல் நீயே எழுதுக. எழுதியதை ‘மேரி’ என்று மட்டும் கொடுத்துச் சோதித்து நின்றுவிடாதே. ‘மேரி ரோஸ்’, ‘பொன்னி’, ‘லக்ஷ்மி’, வெறுமையான சரம் என எல்லாவற்றையும் கொடுத்துப் பார்.

திருமுழுக்கின்போது முதன்முதலாக நம்மை அழைத்தது நம் பெயர். ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர் நல்லாயன் என்று மறைநூல் வழியே அறிகிறோம். ஒருவரின் பெயரை எழுத்துப் பிசகாமல் காப்பதும் ஓர் அன்புப் பணியே. நாளை வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் இயங்கப் போகும் நிரல்களை எழுதப் போகிறவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவியரே. அவர்கள் கையால் எந்த ஏழைத் தந்தையின் முன்னெழுத்தும் சிதையாதிருப்பதாக!